கடல் கடந்த தெருக்கூத்து

நாட்டுப்புறக் கலைஞர் அயல்நாட்டுக் கலைஞரோடு கொள்ளும் உறவு உண்மையான பரிமாற்றமா, வெறும் கவர்ந்து கொள்ளலா என ஆராய்ந்து துணிதல் திறனாய்வாளர் கடமையாகும். கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்னும் வினாவே அதற்கு உரைகல் எனலாம்.

1985இல் பிரான்சின் அவிஞான் விழாவில் பீட்டர் புரூக் மேடையேற்றிய மகாபாரதம் ஒன்பது மணி நேரம் நீண்ட பெருமுயற்சியாகும். உலகம் அதனைப் பாராட்டியது. எனினும், அக்காவியம் தான் பிறந்த மண்ணின் வாழ்வினின்றும் பிரித்தெடுக்கப்பட்டது என இந்தியத் திறனாய்வாளர் ருஸ்தம் பரூச்சா கண்டித்தார். கதை கடல் கடந்தது. அதனைத் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த கூத்தர் கரையிலேயே நின்றுவிட்டனர்.

2016இல் பாரிசில் அரங்கேறிய ‘இந்தியாவில் ஓர் அறை’ என்னும் நாடகம் வேறு வழி சென்றது. அரியான் முனுஷ்கின் இயக்கும் தியேத்ர து சொலேய் குழுவினர் அதனைப் படைத்தனர். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையைச் சேர்ந்த பரம்பரைக் கூத்தர் கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் அந்நடிகர்களுக்கு ஆசானாக அமைந்தார். திரௌபதி துகிலுரிதலும் கர்ணன் முடிவும் கூத்திற்குரிய ஒப்பனை, அடவு, பாட்டு ஆகியவற்றோடு தமிழிலேயே நிகழ்த்தப்பட்டன. தமிழறியாத நாவுகள் தமிழ்ப் பாட்டை முயன்று பயின்றன. ஆசானின் பெயரும் மறைக்கப்படவில்லை.

குறையும் உண்டு. திரௌபதியம்மன் திருவிழாவில் ஊரார் விடியுமட்டும் விழித்திருந்து காணும் கூத்து, அங்கே பிறிதொரு நாடகத்தினுள் அடங்கிய சில காட்சிகளாகச் சுருங்கியது. ஊர் நடப்பைச் சுட்டி நகையாடும் கட்டியக்காரனின் உரிமை, அவ்வூரை அறியாத அவையில் முழுமையாகச் செல்லாது.

புரிசைக் கூத்தர் கொடுத்தவர் மட்டுமல்லர், கொண்டவருமாவர். பிரெக்டின் நாடகத்தையும், கார்சியா மார்க்வெஸ் எழுதிய சிறகு முளைத்த முதியவரின் கதையையும் அவர்கள் கூத்தாக ஆடினர். அயற்கதையை ஏற்றனர், தம் கலையின் இலக்கணத்தை விட்டுக்கொடுத்திலர். இருபுறமும் கற்றமையால் இதனைப் பரிமாற்றம் எனத் துணியலாம்.

படித்த தமிழர் பலர் பாமரர் கலை என ஒதுக்கிய ஒன்றனை அயல்நாட்டார் பணிந்து கற்றனர் என்பது பெருமைக்குரியது. உடன் நாணத்திற்கும் உரியது. மாதவி ஆடிய பதினோராடலை மனனம் செய்து தேர்வெழுதும் மாணவன், கட்டியக்காரன் குரலை ஒரு முறையேனும் கேட்டிருக்க வேண்டாவா? தோட்டத்து மேடைகளில் கூத்தாடிய முதியோர் எஞ்சியிருப்பின், அவர்களைக் காட்சிப் பொருளாக அன்றி ஆசானாக வகுப்பறையில் அமர்த்துதல் தமிழாசிரியர் பணியாகும். பாரிசு நடிகர் காட்டிய பணிவு தமிழ் மாணவர்க்கும் வாய்த்தல் வேண்டும்.