பின்னால் போகிற கை

இரண்டாவது ஸ்லிப்பில் நிற்கிற நம்ம ஆளுக்கு 'சோம்பேறிக் கை' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். விளிம்பில் பட்ட பந்தின் மேல் பாயவே மாட்டேன் என்கிறாராம். இடுப்போரம் வந்த பிறகுதான் தொடுகிறாராம். தொட்ட பிறகும் கை பின்னாலேயே போகிறதாம். 'விட்டுடுவானோ' என்று வயிற்றைக் கலக்குகிறதாம். கலக்கட்டும். அவர் விடுவதில்லையே!

பந்தைத் தேடிக் கையை நீட்டுவதா, வரவிட்டு அதன் கூடவே கையைக் கொண்டுபோவதா? அவர் எடுக்கும் முடிவு இது ஒன்றுதான். பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம். விளிம்பைத் தொட்டு மணிக்கு 108 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 30 மீட்டர், வருகிறது என்று வையுங்கள். அந்த உந்தம் முழுவதையும் கை வாங்கித்தான் ஆக வேண்டும், தள்ளுபடி கிடையாது. எவ்வளவு நேரத்தில் வாங்குவது என்பது மட்டும் ஃபீல்டர் கையில். விறைத்த கையில் 3 செ.மீ.க்குள் பந்து நின்றால், ஆகிற நேரம் நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. உள்ளங்கையில் விழும் சராசரி விசை சுமார் 240 கிலோ எடைக்குச் சமம். கை 30 செ.மீ. பின்வாங்கினால் நேரம் பத்து மடங்காகிறது, விசை 24 கிலோவுக்கு இறங்குகிறது. கணத்தாக்கு இரண்டிலும் ஒன்றே. பரீட்சைக்கு எழுதிவிட்டு நாம் மறந்துபோன பாடம்!

வலி கூட இதில் சின்ன விஷயம்தான். விறைத்த கையில் பட்ட பந்து, விரல் மூடுவதற்குள் துள்ளி வெளியே போய்விடும். தெருவில் டென்னிஸ் பந்தோடு வளர்ந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்னே பாய்கிற கையோ, பந்தின் வேகத்தோடு தன் வேகத்தையும் கூட்டிக்கொள்கிறது. ரீப்ளேயில் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்குக் கைதட்டிவிட்டு, பந்து நழுவியதும் 'துரதிர்ஷ்டம்' என்று உச்சுக்கொட்டுகிற வர்ணனையாளர்களோடு எனக்குப் பழைய பகை. பாய்ந்தே எடுக்க வேண்டிய கேட்சுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்லிப்புக்கு நேராக வருகிறதையும் பாய்ந்து பிடிப்பேன் என்பது வெறும் பகட்டு.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். நாக்‌அவுட் ஆட்டங்கள் மெதுவான ஆடுகளங்களுக்கு வரும். விளிம்பில் பட்டது ஸ்லிப் வரை எட்டாது. இவரை இரண்டடி முன்னே தள்ளுவார்கள். அங்கே பந்து முழங்காலுக்குக் கீழே வரும். குனிந்து நிற்பவருக்குக் கையைப் பின்னால் கொண்டுபோக இடம் குறைவு, பார்த்து முடிவெடுக்க நேரமும் குறைவு. ஒரு கேட்ச் நிச்சயம் தரைக்குப் போகும். கேலரியே எழுந்து கத்தும். கேப்டன் காதைப் பொத்திக்கொண்டு இவரை அங்கேயே நிறுத்தினால் கோப்பை நமக்கு. கல்லிக்கு மாற்றினால், அரையிறுதியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.