தலத் மஹ்மூத்: நடுக்கமும் நிதானமும்

தலத் மஹ்மூதைப் பற்றி எழுதுகிற அநேகர் இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்று 'பட்டுக் குரல்', மற்றது 'சோகம்'. இரண்டும் பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் இவை ஒரு கலைஞனைப் பாராட்டிக்கொண்டே ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிற சொற்கள். அவர் பிறந்த நூறாவது வருடம் 2024 இல் வந்து போயிற்று. இனியாவது அவரைக் கவிதை வாசிக்கத் தெரிந்த ஒருவராக எடைபோட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய பாதை எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள். 1924 பெப்ரவரி 24 இல் லக்னோவில் பிறந்தவர். அங்குள்ள மாரிஸ் இசைக் கல்லூரியில் பயின்றார். 1939 இல், பதினாறு வயதும் நிரம்பாத பருவத்தில், லக்னோ வானொலியில் மீர், தாக், ஜிகர் போன்றோரின் கஸல்களைப் பாடினார். 1941 இல் எச். எம். வி. அவரை இசைத்தட்டுக்கு எடுத்தது. பிறகு கல்கத்தா. 1944 இல் கமல் தாஸ்குப்தா இசையமைத்த ஒரு தனிப்பாடல் அவரை இந்தியா முழுதும் அறியச் செய்தது. பம்பாய்க்கு அவர் போனது 1949 இல்தான். அதாவது, சினிமா அவரைப் பெரிய பின்னணிப் பாடகராக ஆக்குவதற்கு முன்பே அவர் கஸல்காரராகிவிட்டார். இந்த ஒழுங்கு முக்கியமானது.

கஸல் என்றால் 'மெதுவான காதல் பாட்டு' என்றுதான் எங்கட ஆட்களில் பலர் விளங்கி வைத்திருக்கிறார்கள். அது ஒரு யாப்பு. அரபுக் கஸீதாவின் காதல் முகப்போடு உறவுள்ளது. பாரசீகத்தில் வளர்ந்து உருதுவுக்கு வந்தது. இரண்டு அடி கொண்ட ஒவ்வொரு ஷேரும், எங்கட குறளைப் போல, தனித்து நின்று பொருள் தரும். முதல் ஷேரின் இரண்டு அடிகளும் காஃபியா, ரதீஃப் என்ற இயைபில் முடியும். அதற்குப் பிறகு வருகிற ஷேர்களில் இரண்டாம் அடி மட்டுமே அந்த இயைபுக்குத் திரும்பும். ஆகவே முதலடி ஒரு கேள்வியைப் போலத் தொங்கி நிற்க வேண்டும். கேட்பவர் காத்திருக்க வேண்டும். இரண்டாம் அடி வந்து கதவைத் திறக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குரலால் உண்டாக்கத் தெரியாதவர் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் கஸல் பாடியவராகமாட்டார். தலத் முதலடியின் கடைசிச் சொல்லைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருப்பார். அவருடைய கலையின் மையம் அங்கேதான் இருக்கிறது.

இனி அந்த நடுக்கம். பம்பாயில் சிலர் அதைக் குறையாகவே பார்த்தார்கள். அதுதான் இந்தக் குரலின் பலம் என்று கண்டுகொண்டவர் அனில் பிஸ்வாஸ். 1950 இல் 'ஆர்சூ' படத்தில் திலீப் குமாருக்காக அவர் பாட வைத்த பாடலோடு தலத்தின் காலம் தொடங்கியது. நடுக்கம் எங்கே வருகிறது என்று கவனித்துக் கேளுங்கள். நீளுகிற உயிரொலியில் வரும், மெய்யெழுத்தில் வராது. காஃபும் கைனும் ஃகேயும் அவரவர் இடத்திலிருந்து சுத்தமாகப் பிறக்கின்றன. ஓதற்பள்ளியில் மக்ரஜ் பிடித்து ஓதிப் பழகிய எங்கட காதுக்கு, உருது விளங்காவிட்டாலும் இது உடனே பிடிபடும். எழுத்து அசையாமல் நிற்க, அதன் மேல் உயிர் மட்டும் நடுங்குகிறது. அழுகிறவனின் குரல் இப்படி இராது. அழுகையை அடக்கிக்கொண்டு வார்த்தையைச் சரியாகச் சொல்லி முடிக்க முயல்கிறவனின் குரல் இது. சோகம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த நிதானம் காணாமற் போய்விடும்.

இதற்கு நல்ல சான்று பிமல் ராயின் 'சுஜாதா' (1959). தீண்டாமையைப் பேசுகிற படம். பிராமண வீட்டில் வளர்ந்த தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணிடம் கதாநாயகன் தொலைபேசியில் ஒரு பாடலைப் பாடுகிறான். எழுதியவர் மஜ்ரூஹ் சுல்தான்புரி, இசை எஸ். டி. பர்மன். தொலைபேசியில் எவனும் உரத்துப் பாடமாட்டான். ஒரு காதுக்கு மட்டும் கேட்க வேண்டிய பாட்டு அது. மறுமுனையில் நூதன் ஒன்றும் பேசாமல் கண்ணீரோடு நிற்கிறார். தலத் அந்தப் பாட்டில் எங்குமே குரலை உயர்த்திக் காட்டவில்லை. அப்படி உயர்த்தியிருந்தால் காட்சியே பொய்யாகியிருக்கும்.

குறை இல்லையா? இருக்கிறது. ரஃபியின் வீச்சு அவருக்கு இல்லை. உச்சஸ்தாயியும் துள்ளலும் அவருக்குரியவை அல்ல. சலீல் சௌத்ரி மோட்சார்ட்டின் 40 ஆம் சிம்பொனியிலிருந்து மெட்டெடுத்த 'சாயா' (1961) பாடலை லதாவோடு சேர்ந்து அழகாகவே பாடினார்தான். ஆனால் அதே 1961 இல் 'ஜங்லி' வந்து, கதாநாயகன் எப்படிப் பாட வேண்டும் என்பதையே மாற்றிவிட்டது. நடிப்பிலும் அவர் பல வருடங்களைச் செலவழித்தார். 'தில்-எ-நாதான்', 'வாரிஸ்', 'சோனே கி சிடியா' என்று படங்கள் வந்தன. பாடி நடிக்கும் நாயகர்களின் காலம் சைகலோடு 1947 இலேயே முடிந்துவிட்டது. அந்தக் கதவைத் தட்டியது வீண் முயற்சி என்றே நான் நினைக்கிறேன். 1964 இல் மதன் மோகன் 'ஜஹான் ஆரா'வில் அவரை மறுபடி பாட வைத்தார். பாடல்கள் நின்றன, படம் ஓடவில்லை. 1992 இல் பத்ம பூஷண் கிடைத்தது. 1998 மே 9 இல் காலமானார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். கஸலை 'எங்கட சமூகத்து இசை' என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு, அதே காரணத்துக்காக அதை ஒதுக்குகிறவர்களும் உண்டு. தலத்தின் வாழ்க்கை இரண்டு தரப்புக்கும் இடம் கொடுக்கவில்லை. கல்கத்தாவில் தபன் குமார் என்ற பெயரில் வங்காளத்தில் பாடினார். யூசுப் கான் திலீப் குமார் ஆகியிருந்த பம்பாயில், தன் சொந்தப் பெயரிலேயே அந்தத் திலீப் குமாருக்குக் குரல் கொடுத்தார். 1977 இல் 'த்வீபு' படத்துக்காக பாபுராஜின் இசையில் மலையாளத்திலும் பாடினார். அவருக்கு மெட்டமைத்தவர்கள் அனில் பிஸ்வாஸும் மதன் மோகனும் பர்மனும். உருதுக் கஸலின் பெருங்கவிஞர்களில் ஒருவரான ஃபிராக் கோரக்பூரியின் இயற்பெயர் ரகுபதி சஹாய். மொழிக்கு மார்க்கம் கேட்கத் தேவையில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டும், அந்தத் தமிழுக்காகவே அடிக்கடி விளக்கம் சொல்ல வேண்டியவர்களாகவும் இருக்கிற எங்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல.

தூரம் வேறு வகையிலும் குறைவுதான். 1952 இல் அமைச்சர் கெஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, அதை இந்தியாவுக்கே திருப்பிக் கொடுத்தது கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவை. தலத்தின் உச்சகாலமும் அதுவேதான். அந்தக் குரல் எங்கட காற்றின் வழியாகத்தான் போயிற்று.

எங்கட முன்னோர் மஸலா, நாமா, கிஸ்ஸா, முனாஜாத் என்று எத்தனையோ வடிவங்களைத் தமிழுக்கு எடுத்தார்கள். கஸல் அந்த வரிசையில் சேரவில்லை. பிந்தி வந்த கவிக்கோ அப்துல் ரகுமான் 'மின்மினிகளால் ஒரு கடிதம்' நூலில் அதைத் தமிழில் முயன்றார். ஆனால் கஸல் கண்ணால் மட்டும் வாசித்து முடிக்கிற கவிதை அல்ல. பாடசாலையில் நாங்கள் செய்யுளை அசை பிரித்து, சீர் எண்ணி, பொருள் எழுதி முடித்துவிடுகிறோம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் மௌனமாக நிற்க வேண்டும் என்பதை எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தலத்திடம் கற்க வேண்டியது அந்த மௌனத்தின் அளவைத்தான். குரல் நடுங்கலாம், சொல் நடுங்கக் கூடாது. பாடகருக்கு மட்டுமல்ல, கவிதை எழுதுகிறவருக்கும் அதைப் படிப்பிக்கிறவருக்கும் இது பொருந்தும்.