டூப்பும் அடியாளும்: தமிழ்த் திரைச் சண்டைக் காட்சிகளில் பெயரற்ற உழைப்பு

திறவுச்சொற்கள்: சண்டைக் கலைஞர், டூப், அடியாள், திரைப்படத் தொழிலாளர் சட்டம், பெயர்ப்பட்டியல்

தமிழ்த் திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலில் ‘சண்டைப் பயிற்சி’ என்னும் தலைப்பின்கீழ்ப் பெரும்பாலும் ஒருவர் பெயரே இடம்பெறுகிறது. அவர் ‘மாஸ்டர்’. அவர் வகுத்த காட்சியில் உடலை ஈடாக வைப்பவர், படப்பிடிப்புத் தளத்தில் ‘ஃபைட்டர்’. செய்தித்தாளில் ‘சண்டைக் கலைஞர்’. மக்கள் பேச்சில் ‘டூப்’. இவற்றுள் கடைசிச் சொல்லே பரவலாக நிலைபெற்றுள்ளது. அச்சொல் தமிழில் பதிலாள் என்ற பொருளோடு நிற்கவில்லை. ‘டூப் விடுகிறான்’ என்றால் பொய் சொல்கிறான் என்பதே பொருள். ஒரு தொழிலாளியைச் சுட்டும் பெயரும் போலியைச் சுட்டும் சொல்லும் ஒன்றாயிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும், திரைச்செய்திகளில் அச்சொல் மிகுதியாக வழங்கும் தொடர் ‘டூப் போடாமல் நடித்தார்’ என்பதாகும். நட்சத்திரத்தின் துணிவை நிறுவுவதற்குத் தொழிலாளி அங்கு இல்லை என்பதே இங்குச் சான்றாகிறது.

இப்பாராட்டு உண்மையாகவே அமையும் இடத்திலும் அது பாதி உண்மையே. நாயகர் தாமே குதிக்கலாம், தாமே ஓடலாம். அவர் யாரை அடிக்கிறார்? அடியாள் வேடத்தில் வரும் பத்துப் பேரும் ஃபைட்டர்களே. திரையில் விழும் குத்து பெரும்பாலும் உடலைத் தொடுவதில்லை. கைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள வெளியைக் கேமராக் கோணம் மறைக்கிறது. ஓசை பின்னர்ச் சேர்க்கப்படுகிறது. அக்குத்துக்கு வலிமை தருபவர் அதை வாங்குபவர்தான். தலை எப்போது திரும்ப வேண்டும், கால் எந்த நொடியில் தரையை விட வேண்டும், முதுகு மேசையில் படுமா விளிம்பில் படுமா என்பன அவருடைய கணிப்புகள். ஒரு நொடி முந்தினால் காட்சி பொய்யாகிவிடும். பிந்தினால் மெய்யாகவே அடிபடும். நாயகரின் முகபாவம் நிறைவளிக்கவில்லை என்று மீண்டும் படமெடுத்தால், மீண்டும் விழவேண்டியவர் இவரே. ஆகவே நாயகனின் வலிமை என்று பார்வையாளர் கொள்வது பெருமளவும் விழுபவரின் ஆக்கம். பதிலாளின் முகம் மறைக்கப்படுகிறது. அடியாளின் முகமோ திரையில் தெளிவாகவே தெரிகிறது. தெரிந்தும் அதற்குப் பெயரில்லை என்பதால், இரண்டாவது மறைப்பே விமரிசனத்துக்குக் கடினமானது.

திரைப்பட ஆய்வும் இக்குறைக்கு விலக்கன்று. எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தையும் அரசியலையும் ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் ட்ராப்’ (1992) அடித்தள மக்கள் அந்நாயகனிடம் தம்மைக் கண்டதை விளக்கிய முன்னோடி நூல். அந்நாயகனிடம் அடிவாங்கி விழுந்தவர்களும் உழைக்கும் மக்களே என்ற கேள்வி அந்நூலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ‘முரட்டுக்காளை’ (1980) படத்தின் ரயில் சண்டையைப் பேசுவோர் ரஜினிகாந்தையும், சற்று அறிந்தவர் ஜூடோ ரத்தினத்தையும் குறிப்பிடுவர். ஓடும் ரயிலின் கூரையில் உடன் நின்றவர்களைக் குறிப்பிடுவோர் அரியர்.

கயிற்றுச் சண்டையில் மறைப்பு மேலும் ஆழமாகிறது. நாயகர் காற்றில் எழும்போது, சட்டகத்துக்கு வெளியே நின்று கயிற்றை இழுப்பவர்களும் ஃபைட்டர்களே. அவர்களுடைய கைகளின் ஒருமித்த இழுப்பே திரையில் பறத்தலாகத் தெரிகிறது. பின்னர் வரைகலை கயிற்றை அழிக்கிறது. உழைப்பின் இறுதித் தடயமும் அத்துடன் போகிறது. பெண் நடிகர்களுக்காகப் பெண்ணுடையில் ஆண்கள் குதிப்பது நெடுங்கால வழக்கம். ‘ஷோலே’ (1975) படத்தில் ஹேமமாலினிக்காகக் குதிரை வண்டி ஓட்டிய ரேஷ்மா பதானின் வாழ்க்கை 2019இல் தனித் திரைப்படமானது, அது விதிவிலக்கு.

பெயர் வெளிப்படுவது பெரும்பாலும் இறப்பின்போதே. 2022 டிசம்பரில் வண்டலூர் அருகே ஒரு படப்பிடிப்பில் கயிறு அறுந்து ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். 2024 ஜூலையில் சென்னைப் படப்பிடிப்புத் தளமொன்றில் உயரத்திலிருந்து விழுந்து மற்றொருவர். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில், சரிவு மேடையில் ஏறி உருண்டு விழ வேண்டிய காரை ஓட்டிய மூத்த கலைஞர் ஒருவர் இறந்தார். படத்துக்காக எடுக்கப்பட்ட அக்காட்சியின் பதிவு இணையத்தில் பரவியது. பொதுப் பார்வையாளர் பலர் அவர் பெயரை அறிந்தது அப்பதிவின் வழியேதான். கன்னடத்திலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு: 2016 நவம்பர் 7 அன்று திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து மூவர் குதித்தனர். நாயகர் கரை சேர்ந்தார். எதிர்நாயகர் வேடமேற்ற இருவரும் மூழ்கினர். அவர்கள் உயிர்காப்பு மேலாடை அணிந்திருக்கவில்லை. ஹெலிகாப்டரும் கேமராவும் ஏற்பாடாகியிருந்த இடத்தில் மேலாடை இல்லாமற்போனதைத் தொழில்நுட்பக் குறை என்று கொள்ள இயலாது.

சட்டத்தின் சொற்களும் இங்கு நோக்கத்தக்கவை. 1981ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டம் எழுத்துவழி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அதன் வரையறை கலைஞர் என்பதற்குள் நடிகர், இசைக்கலைஞர், நடனக்கலைஞர் ஆகியோரைப் பெயர்சொல்லி அடக்கியது. சண்டைக் கலைஞரைப் பெயர்சொல்லவில்லை. பிற திறன்சார் பணி செய்வோர் என்ற பொதுத்தொடருக்குள்தான் அவரைத் தேட வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு விதித்தொகுப்பில், ஒலி-ஒளித் தொழிலாளர் என்னும் வரையறைக்குள் ‘ஸ்டண்ட்’ செய்பவரும் தனித்துச் சுட்டப்படுகிறார். ஒரு சொல் சட்டத்துக்குள் நுழைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. திரைக்குள் அது இன்னும் நுழையவில்லை. விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்னும் அறிவிப்பைத் தாங்கி வரும் படங்கள், அவற்றில் விழுந்த மனிதர்களைப் பற்றி அவ்வாறு எதையும் அறிவிப்பதில்லை.

தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கான பிரிவு, 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கான 64ஆவது விருதுகளில் இடம்பெற்றது. ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் அதைப் பெற்றார். வரவேற்கத்தக்கதே. ஆனால் அது வடிவமைப்புக்கான விருது, விழுதலுக்கானது அன்று. அண்மைப் படங்கள் சிலவற்றின் இறுதிப் பெயரோட்டத்தில் ஃபைட்டர்களின் பெயர்கள் வேகமாகக் கடந்து செல்கின்றன. எந்தக் காட்சியில் விழுந்தவர் யார் என்பதை அவை கூறுவதில்லை. மாஸ்டர்களுள் பலர் ஃபைட்டராகத் தொடங்கியவர்கள். மாஸ்டர் ஆவதற்கு முன் அவர்கள் எந்தப் படத்தில், யாருக்காக, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தனர் என்பதை அப்படங்களின் பெயர்ப்பட்டியலைக் கொண்டு அறிய வழியில்லை.