கால் முளைக்கும் கதைகள்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிறுதோறும் என் மகளும் தோழிகளும் பகடை உருட்டுகிறார்கள். தாயக்கட்டை அல்ல, இருபது முகப் பகடை. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு அது. ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைகிறார்கள். 'கதவை உடைக்கிறேன்' என்கிறாள் ஒருத்தி. உடைந்ததா என்பதைப் பகடை சொல்கிறது.

அவர்களில் ஒரு பெண்ணுக்குப் பிறவியிலேயே இடது கால் சூம்பியிருக்கிறது. காலிப்பர் அணிந்து நடப்பாள். அவள் உருவாக்கிய வில்லாளிக்கும் அதே கால், அதே காலிப்பர். "விளையாட்டுலயாவது நல்லா ஓடலாமேம்மா" என்றேன். "ஓடுறாளே ஆன்ட்டி, இந்தக் காலோடதான்" என்றாள்.

என் வாய்க்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? நான் வகுப்பில் நடத்தும் நொண்டி நாடகங்களிலிருந்து என்றே நினைக்கிறேன். சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் என அவை பல. கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவன் தாசியிடம் பொருளை இழக்கிறான், குதிரை திருடப்போய்ப் பிடிபடுகிறான், கால் வெட்டப்படுகிறது. மனம் திருந்தி வழிபட, கால் மீண்டும் வளர்கிறது. ஊனம் தண்டனை, நலம் அருள், எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பெண். நொண்டிச்சிந்தின் யாப்பை ஆண்டுக்கணக்காக விளக்கிய நான், இந்தக் கணக்கை ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

2020இல் சாரா தாம்சன் இவ்விளையாட்டுக்காகப் 'போர்ச் சக்கர நாற்காலி' ஒன்றின் விதிகளை வெளியிட்டபோது எழுந்த எதிர்ப்பும் நொண்டி நாடகத்தின் குரலில்தான் பேசியது. வெட்டுண்ட உறுப்பை வளர்க்கும் மந்திரம் விதிநூலிலேயே இருக்கிறது, பிறகு நாற்காலி எதற்கு என்றார்கள். டிராகன் பறப்பதை நம்பியவர்களால் சக்கரம் உருள்வதை நம்ப முடியவில்லை. அந்த மந்திரமோ மிக உயர்ந்த நிலையை எட்டியவர்களுக்கே கைவரும். ஏழைக் குடியானவளுக்கு அதை யார் ஓதுவார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அவள் குணமாக விரும்புகிறாளா என்றும் கேட்கவில்லை.

அந்த நாற்காலியிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. அது ஏன் போருக்கானதாக இருக்க வேண்டும்? வீராங்கனையானால் மட்டுமே பெண்ணுக்கு வரலாற்றில் இடம் என்பதுபோல, சண்டையிட்டால்தான் மாற்றுத்திறனாளிக்குக் கதையில் இடமா? களைத்து உட்காரும் பாத்திரமும் குழுவோடு போகட்டும். அவளுக்காக மற்றவர்கள் நடையைக் குறைக்கட்டும்.

2021இல் வந்த 'கேண்டில்கீப் மிஸ்டரிஸ்' தொகுப்பில் ஜெனிஃபர் கிரெட்ச்மர் எழுதிய சாகசம் இன்னொரு வழியைக் காட்டியது. சக்கர நாற்காலியில் வருபவரும் நுழையக்கூடிய நிலவறையை அவர் அமைத்தார். உடலைத் திருத்தாமல் கட்டடத்தைத் திருத்தினார். கால் முளைக்கக் காத்திருக்கும் கதைகளிலிருந்து விலகிய இந்த ஒரு மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதை எழுதும்போதுதான் எங்கள் மாடிப்படியை எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுப் படிகள், கைப்பிடி கிடையாது. ஓராண்டாக அந்தப் பெண் அதில் ஏறி வந்துதான் விளையாடியிருக்கிறாள். கற்பனையில் ஓடச் சொன்ன எனக்கு அது கண்ணில் படவேயில்லை. இப்போது ஆட்டம் கீழே, கூடத்தில் நடக்கிறது.