அரிய தட்டும் சிறந்த பாட்டும்

நாட்டுப்பாடல் ஆராய்வார்க்குச் சுவடியைப் போலவே பழைய இசைத்தட்டும் மூலச்சான்றாகும். அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்து வந்த தொழிலகம் ஒன்று பாட்டுப்பெட்டிகளுக்கு மரக்கூடும் செய்தது. அத்தொடர்பால் 1917இல் பாரமவுண்ட் என்னும் பெயரில் இசைத்தட்டு வெளியிடத் தொடங்கியது. இசைப்பற்று இதற்குக் காரணமன்று. 1922 முதல் கறுப்பின மக்களுக்கெனத் தனி வரிசை ஒன்றையும் வெளியிட்டு, 1932இல் ஒலிப்பதிவை நிறுத்தியது. உலோக மூல அச்சுகள் பெரும்பாலும் அழிந்தமையின், தேய்ந்து இரையும் தட்டுகளே இன்று சான்றாக எஞ்சின.

அவற்றைத் தேடித் தொகுத்தோரின் தொண்டு பெரிது. சன் ஹவுஸ் 1930இல் பாடிய ‘கிளார்க்ஸ்டேல் மோன்’ பல்லாண்டுகள் எவர்க்கும் கிட்டாதிருந்து, 2006இல் மறுவெளியீடு பெற்றது.

ஆயினும் ஓர் ஐயம். பிளைண்ட் லெமன் ஜெபர்சன் பாடியவை 1926 முதல் மிகுதியாக விற்றன. எனவே அவற்றுட் பல எளிதிற் கிடைத்தன. ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பாடியவை பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வெளிவந்தன, வாங்கினோர் சிலரே. கிடைத்தற்கருமை விலையை உயர்த்துதல் இயல்பு; அதுவே பாட்டின் தரத்தையும் உயர்த்தியதோ என நாம் ஐயுறுகின்றோம். பின்வந்த திறனாய்வாளர் பலர் தொகுப்போரின் சுவையையே வரலாறாகக் கொண்டனர்.

பக்கமொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே இடமுண்டு. பாடகர் எங்கே பாட்டைச் சுருக்கினார் என்பதைத் தட்டு காட்டாது. இதனை அவர்கள் பெரிதும் கருதினாரல்லர்.

ஜேம்ஸின் உச்சக்குரல் நம்மையும் ஈர்த்ததே, அதனை மறுக்கிலம். எனினும் அக்கால மக்கள் விரும்பிக் கேட்டது யாதென அறிய விழைவார் ஜெபர்சனிடமிருந்தே தொடங்குதல் தகும்.