ஸ்குவாடில் ஒரு சொந்தக்காரன்

ஸ்ரீராம் வெங்கட்ராமனின் 'சோஷியல் மீடியா இன் சவுத் இந்தியா' (2017) சென்னைக்கு வெளியே, ஐடி பார்க் முளைத்த கிராமங்களில் 15 மாதம் கள ஆய்வு செய்து எழுதியது. ஊருக்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர். பிடிஎஃப் இலவசம்.

ஐந்தாம் அத்தியாயத்துக்காகவே படிக்கலாம். ஆபீஸில் ஃபேஸ்புக்கைத் தடுத்தாலும் போன் வழியாக வீடு உள்ளே வந்துவிடுகிறது. வேலை தனி, வீடு தனி என்ற சுவர் நம்மிடம் எப்போது இருந்தது என்கிறார். ஐடிக்காரனான எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜம்தானே?

இந்த வாதத்துக்குக் கரிசலில் இன்னும் பலமான சாட்சி உண்டு. கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டும் வேலை வீட்டுக்கே வந்தது. ஒட்டுற கைதான் அடுப்பையும் பார்க்கும், பிள்ளையையும் பார்க்கும்.

என் குறை வேறு: புத்தகத்தில் விளையாட்டுக்கென்று ஒரு அத்தியாயம் இல்லை. நாமும் ஆன்லைன் கேம் என்றாலே ரம்மி, கடன், 2022 சட்டம் என்றுதான் பேசுகிறோம். அந்தச் சாவுகள் நிஜம், சட்டமும் வேண்டியதுதான். ஆனால் காசு வைக்காமல் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவனைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது. புதூரில் இருக்கும் தம்பியும் திருப்பூருக்கு வேலைக்குப் போன அண்ணனும் ஒரே ஸ்குவாடில் இருந்தால், சுடுவதற்கு நடுவே "சாப்ட்டியாலே?" என்று கேட்டால், அது கேமா, வீட்டுப் பேச்சா? உறவுமுறை பற்றி நான்காம் அத்தியாயத்தை எழுதியவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.