மாணவ விமானியின் வானொலிக் கையேடு: விதி உண்டு, விளக்கம் எங்கே?

விமானம் ஓட்டக் கற்பவர் கையால் கற்பது பாதி. வாயாலும் காதாலும் கற்பது மறுபாதி. கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் வானொலியில் பிழையின்றிப் பேசத் தெரியாதவர், விமானத்தை எவ்வளவு நேர்த்தியாக ஓட்டினாலும், பிறருக்கு ஆபத்தானவரே. பிரிட்டனில் இக்கலையைக் கற்கும் மாணவர்களுக்கு அடிப்படை நூல் 'கேப் 413'. அந்நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் வானொலித் தொலைபேசிக் கையேடு இது. பல பதிப்புகள் கண்ட இந்நூலை ஓர் இயற்பியல் ஆசிரியரின் கண்கொண்டு பார்ப்போம்.

முதலில் நிறைகள். சொற்சிக்கனத்தில் இந்நூலுக்கு இணையானவை குறைவு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள். 'ரோஜர்' என்றால் 'நீங்கள் சொன்னது முழுவதும் கேட்டது' என்பது மட்டுமே. 'சரி, செய்கிறேன்' என்று பொருளாகாது. அதற்கு 'வில்கோ' என்ற தனிச்சொல் உண்டு. ஓடுபாதை எண், பறக்கும் உயரம், திசை, அழுத்தமானி அளவு போன்றவற்றை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். கேட்டது சரிதானா என்று கோபுரம் அதைக்கொண்டு சரிபார்த்துக்கொள்ளும்.

குறை எங்கே? விதிகளைத் தரும் இந்நூல், அவற்றின் அடியில் உள்ள இயற்பியலை விளக்க முற்படவில்லை. 'திரீ' என்பதை 'ட்ரீ' என்றும், 'ஃபைவ்' என்பதை 'ஃபைஃப்' என்றும், 'நைன்' என்பதை 'நைனர்' என்றும் சொல்லச் சொல்கிறது. மாணவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் விமான வானொலியில் பேச்சொலியின் சுமார் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியே தெளிவாகக் கடந்து செல்கிறது. 'திரீ' என்ற சொல்லின் முதல் உரசொலி வலுவற்றது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி இவ்வெல்லைக்கு மேலே கிடக்கிறது. இரைச்சலில் முதலில் மறைவது அதுவே. வெடிப்பொலியான 'ட்' பிழைத்து வரும். 'ஃபைவ்', 'நைன்' இரண்டிலும் நடு உயிரொலி ஒன்றே. ஆகவே ஒன்றின் முடிவை மாற்றினால்தான் வேறுபாடு நிலைக்கும். இரண்டு பத்திகளில் இதை விளக்கியிருந்தால், மனப்பாடம் அறிவாக மாறியிருக்கும்.

இன்னொரு விதி: பேசுமுன் கேள், பிறர் பேச்சின்மீது பேசாதே. இது வெறும் பண்பாடன்று. விமான வானொலிப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில், வீச்சுப் பண்பேற்ற முறையில் நடக்கிறது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் என்னாகும்? இரு பரப்பிகளின் அதிர்வெண்களும் முற்றிலும் ஒன்றாயிருப்பதில்லை. 120 மெகாஹெர்ட்ஸில் இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும், அது 1200 ஹெர்ட்ஸ் ஆகிறது. இசைக்கவைச் சோதனையில் நாம் கேட்கும் விம்மல்களின் தத்துவமே இங்கும் செயல்படுகிறது. கேட்பவர் காதில் விழுவது பேச்சன்று. கூரிய சீழ்க்கை ஒலி. அதிர்வெண் பண்பேற்ற முறையாயிருந்தால், வலிய குரல் மெலிய குரலை முழுவதும் விழுங்கிவிடும். இரண்டாமவர் பேசியதே தெரியாமற் போகும். சீழ்க்கை ஒலியாவது எச்சரிக்கிறது. எனினும், பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கும் அந்த எச்சரிக்கை கேட்காது. பேசும் நேரத்தில் அவரவர் ஏற்பி ஓய்ந்திருக்கும்.

இந்தச் சில வினாடிச் சீழ்க்கையின் விலை என்ன? 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், மூடுபனியில் கே.எல்.எம். விமானம் புறப்படத் தொடங்கியது. 'காத்திருங்கள்' என்ற கோபுரத்தின் சொல்லும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்ற பான் அமெரிக்கன் விமானத்தின் சொல்லும் ஒன்றன்மீது ஒன்று விழுந்தன. கே.எல்.எம். விமானிகளுக்கு அவை தெளிவாகக் கேட்கவில்லை. இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை விலக்கும்போதும் மட்டுமே ஆளவேண்டும். மற்ற வேளைகளில் 'டிபார்ச்சர்' என்றே சொல்லவேண்டும் என்ற இன்றைய விதியின் பின்னே இந்த அனுபவம் நிற்கிறது. கையேட்டின் மாதிரி உரையாடல்களிலோ பெரும்பாலும் ஒருவர் பேச, மற்றவர் தெளிவாகக் கேட்கிறார். உண்மையான வானலை அவ்வளவு தூய்மையானதன்று.

மூன்றாவது குறையே பெரியது. தனியே பறக்கும் மாணவர், கோபுரத்துடன் முதலில் தொடர்புகொள்ளும்போது 'ஸ்டூடண்ட்' என்ற சொல்லை அழைப்புப் பெயரின் முன் சேர்க்கவேண்டும் என்கிறது நூல். நல்ல விதி. 2006 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்எண்ட் விமான நிலையத்தில், தனியே பறந்த மாணவர் ஒருவர் தரையிறங்க நெருங்கியபோது, பின்னால் வேகமான விமானம் ஒன்று வந்தது. மீண்டும் மேலேறிச் சுற்றிவருமாறு முதலில் சொன்னார்கள். பின்பு அதை விடுத்து, இடப்புறம் திரும்பி வடக்கே போகச் சொன்னார்கள். திரும்பும்போது இறக்கையின் தூக்குவிசை குலைந்து விமானம் விழுந்தது, மாணவர் உயிரிழந்தார்.

இத்தகைய வேளைக்கென்றே கையேட்டில் ஒரு சொல் உண்டு: 'அனேபிள்', அதாவது 'என்னால் இயலாது'. ஆனால் அது சொற்பட்டியலில் ஒரு வரியாக நிற்கிறது. மாணவருக்கு முதலில் பழக்கவேண்டிய சொல்லாக அது முன்னிறுத்தப்படவில்லை. கட்டளையைத் திருப்பிச் சொல்லவே பழகிய நா, மறுக்கவேண்டிய கணத்தில் எளிதில் எழாது. விமானத்தை ஓட்டுவது முதல் வேலை, வழி காண்பது இரண்டாவது, பேசுவது மூன்றாவது என்பது விமானிகளின் பழைய பாடம். பேச்சுக்கான நூலிலும் இவ்வரிசை முதற்பக்கத்தில் இடம்பெறுவது நலம்.

ஆகவே, அகராதியாக இந்நூல் சிறந்தது, பாடநூலாக அரைகுறையானது. பண்பேற்றம், விம்மல், பேச்சொலியின் அதிர்வெண் எல்லை ஆகியவற்றை விளக்கும் பத்துப் பக்கப் பின்னிணைப்பும், 'இயலாது' என்று சொல்லப் பழக்கும் சில உரையாடல்களும் சேர்ந்தால் குறை நீங்கும். காரணம் அறிந்து கற்ற விதி, பதற்றத்திலும் எளிதில் மறப்பதில்லை.